வாணிகத்தில் நம்பிக்கை

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வாணிகத்தைப் பற்றிப் பேசுமாறு தமிழாசிரியன் ஒருவனை அழைத்திருக்கின்றீர்கள். எழுத்தும் சொல்லும் கற்பித்துத் திங்கள் ஊதியம் பெற்று வாழும் எம்மிடத்தில் முதலும் இல்லை, கடையும் இல்லை. குலத்தொழிலை விட்டு ஓடியவன் என்று எம் உறவினர் எம்மை நகையாடுவதும் உண்டு. எனினும், சென்ற செயற்குழுக் கூட்டத்தில் எழுந்த வினா ஒன்று எம் உள்ளத்தை விட்டு அகலாமையின் இவ்வழைப்பை ஏற்றுக்கொண்டோம்.

நம் இளைஞர்கள் தொழில் தொடங்குதற்குக் குறைந்த வட்டியில் கடன் கொடுக்கும் நிதி ஒன்றை இச்சங்கம் நிறுவவேண்டும் என்ற பேச்சு அன்று நடந்தது. அதற்குரிய விதிகளைப் படித்துக்கொண்டிருக்கையில் அகவை முதிர்ந்த பெரியவர் ஒருவர் எழுந்து, “நம் பிள்ளைகளுக்கு நாம் கொடுக்கும் பணத்துக்குச் சீட்டு எதற்கு? பிணை எதற்கு? ஆண்டுக்கு நான்கு முறை கணக்குக் காட்டுவது எதற்கு? நம்மவர்க்குள் நம்பிக்கை இல்லையா? நம் பாட்டன்மார் இப்படியா தொழில் செய்தார்கள்?” என்று வினவினார். அவையில் பலர் கைதட்டினர். அப்பெரியவர்மாட்டு எமக்கு மிகுந்த மதிப்பு உண்டு; அவர் சங்கத்துக்குச் செய்த தொண்டை நாம் எல்லோரும் அறிவோம். ஆயினும் யாம் கை தட்டவில்லை. நம் பாட்டன்மார் எப்படித் தொழில் செய்தார்கள் என்பதைச் சிறிது ஆராய்ந்து சொல்லுவதே இன்று எமது நோக்கம்.

முதலில் ஆசிரியத்தொழிலின் வழக்கப்படி ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுகின்றோம், பொறுத்தருள்க. நம்பிக்கை என்னும் சொல்லை இன்று நாம் நாள்தோறும் வழங்குகின்றோம். ஆனால் தொல்காப்பியனார் உரியியலில் ‘நம்பு’ என்னும் உரிச்சொல்லுக்கு விருப்பம் என்பதனையே பொருளாகச் சொல்லியுள்ளார். ஒருவனை ஆராய்ந்து, அவனிடத்து ஐயம் நீங்கி நிற்றலைப் பழந்தமிழ் மக்கள் ‘தெளிதல்’ என்றும் ‘தேறுதல்’ என்றும் கூறினர். கலங்கிய நீர் குடத்தில் அசையாது நிற்க, மண் மெல்ல அடியில் தங்கி, மேலே நீர் தெளிவதைக் கண்டிருக்கின்றீர்கள். அதற்குக் காலம் வேண்டும். விருப்பத்துக்குக் காலம் வேண்டுவதில்லை. நமக்கு வேண்டியவன் என்றவுடனே அது வந்துவிடும். இன்று நாம் ஒரே சொல்லால் குறிக்கும் இவ்விரண்டும் வேறு வேறு என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றோம்.

திருவள்ளுவர் பொருட்பாலில் அதிகாரங்களை வைத்திருக்கும் முறையும் ஈண்டு நோக்கத்தக்கது. தெரிந்து தெளிதல் 51ஆம் அதிகாரம். தெரிந்து வினையாடல் 52ஆவது. அவ்விரண்டும் கழிந்த பின்னரே 53ஆவதாகச் சுற்றந்தழால் வருகின்றது. முதலில் ஆராய்ந்து தெளிக, பின்பு ஆராய்ந்து வேலையை ஒப்புவிக்க, அதன் பின்பு சுற்றத்தைத் தழுவிக்கொள்க என்பது அவ்வைப்பினால் யாம் கொள்ளும் பொருள். சுற்றம் வேண்டாம் என்று அப்பெருந்தகை கூறவில்லை; அதனை முதற்கண் வைக்கவில்லை, அவ்வளவே.

இனி நம் பாட்டன்மாரிடம் வருவோம். கடல் கடந்து இலேவாதேவி செய்யச் செல்வதைக் ‘கொண்டுவிக்கப் போதல்’ என்று நம் வீடுகளில் இன்றும் மூத்தோர் கூறுவர். இலங்கை, பர்மா, மலேயா, சிங்கப்பூர், சைகோன் என்று பரந்து கிடந்த அக்கடைகளின் முதலாளி பெரும்பாலும் செட்டிநாட்டில் தம் ஊரிலேயே இருப்பார். தொழிலை நடத்துகின்றவர் ஆயிரம் கல் தொலைவில் இருப்பார். தந்தியும் கப்பலும் அல்லாமல் வேறு தொடர்பு இல்லாத நாளில், பிறனொருவன் கையில் இலட்சக்கணக்கான பொருளை ஒப்புவித்துவிட்டு இவர்கள் எவ்வாறு கண்ணயர்ந்தனர்? ‘நம்மவன்’ என்ற ஒன்றே காரணமாயின், இரண்டு தலைமுறைக்குள் அத்தொழில் அழிந்திருக்கும்.

பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் முதலில் பெட்டியடிப் பையனாகக் கடைக்குள் நுழைவான். பெட்டியின் அருகிலேயே அவனுக்கு இருக்கை; கூப்பிட்ட குரலுக்கு ஏவல் செய்தல், பணம் எண்ணுதல், குறிப்பு எழுதுதல் ஆகியவையே அவன் கல்வி. முந்திரி, காணி, மா என்னும் கீழ்வாய் இலக்கங்களை அவன் மனத்தாலேயே பெருக்கவும் வகுக்கவும் வேண்டும். (இந்நாள் மாணாக்கர் ஏழையும் எட்டையும் பெருக்கக் கைபேசியைத் தேடுவதைக் காணும்பொழுது எமக்கு அச்சிறுவனின் நினைவு வரும்.) சின்னஞ்சிறு தொகைகளே முதலில் அவன் கையில் வரும். ஒரு காசு குறைந்தாலும் அன்று இரவு கடை சாத்தமாட்டார்கள். ஆண்டுகள் சில கழிந்தபின் அவன் அடுத்தாள் ஆவான். அதிலும் தேறியபின், தகுதி உடையவனாயின், மேலாள் ஆகிக் கடைப்பொறுப்பை ஏற்பான். சிறு பொறுப்பில் தேறியவனுக்கே பெரும் பொறுப்புக் கிடைத்தது. இடையில் ஒரு படியையும் உறவு தாண்டவிடவில்லை. முதலாளியின் மகனும் பிறர் கடையில் சென்று இவ்வாறே பயின்ற செய்திகள் பல குடும்பங்களில் உண்டு.

மேலாளுக்கும் முதலாளிக்கும் இடையே சம்பளச் சீட்டு எழுதப்பட்டது. பெரும்பாலும் மூன்று ஆண்டே தவணை. சம்பளத்தில் ஒரு பகுதியை முன்பணமாகவே கொடுத்துவிடுவர். அவன் மனைவி மக்கள் ஊரிலே பசியின்றி இருந்தாலன்றோ அவன் மனம் அங்கே கடையில் நிற்கும்? தவணை முடிந்து, கணக்கை ஒப்புவித்தபின், கிடைத்த இலாபத்தில் ஒரு பங்கு அவனுக்கு உண்டு. இடைக்காலத்தில் குறித்த காலங்களில் ஐந்தொகை எடுத்து ஊருக்கு அனுப்பவேண்டும். இன்ன தேதியில் கொடுத்தது இவ்வளவு, வரவேண்டியது இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு என்று அவ்வைந்தொகை பேசும். மூன்றாண்டு முடிவில் புதிய மேலாள் வந்து சேர்வான். பழையவன் அவனுக்குப் பற்றாளர்களை அறிமுகம் செய்து, ஏடுகளை ஒப்புவித்துத் திரும்புவான். தன் கணக்கைத் தனக்குப் பின் வருகின்றவன் வரி வரியாகப் பார்க்கப்போகின்றான் என்பதை அவன் முதல் நாளே அறிவான். இத்தனையும் அவநம்பிக்கையின் அடையாளம் என்று அவர்களில் ஒருவரும் கருதவில்லை. கணக்குக் கேட்பது முதலாளியின் உரிமை எனவும், காட்டுவது மேலாளின் பெருமை எனவும் கொண்டனர். ‘நாணயம்’ என்ற ஒரே சொல் நம் மொழியில் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். காசு செல்லுமா செல்லாதா என்று தட்டிப் பார்ப்பதில் காசுக்கு இழிவு ஏது?

கடைக்குள்ளே வளர்ந்த நம்பிக்கை கடைக்கும் கடைக்கும் இடையே எவ்வாறு சென்றது என்பதையும் பார்ப்போம். ஒவ்வொரு கடைக்கும் ஒரு விலாசம் உண்டு. தந்தை பாட்டன் பெயர்களின் முதலெழுத்துக்களைக் கொண்ட அவ்விரண்டு மூன்று எழுத்துக்களைக் கண்டமாத்திரத்தில், ஒரு துண்டுத் தாளில் எழுதிய உண்டியலுக்கு வேற்றூரில் உள்ள கடையில் பணம் கொடுத்தார்கள். தரிசன உண்டியலாயின் கண்டவுடன் கொடுக்கவேண்டும். தவணை உண்டியலாயின் குறித்த நாளில் கொடுக்கவேண்டும். அவ்வெழுத்துக்குத் தாமே ஓர் ஆற்றல் இருந்தது என்று நினைத்தல் பிழை. ஒருநாள் ஓர் உண்டியல் திரும்புமாயின், அடுத்த அமாவாசைக்குள் அச்செய்தி எல்லாத் துறைமுகங்களுக்கும் சென்றுவிடும் என்பதே அதன் ஆற்றல்.

சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் கிட்டங்கிகள் இருந்தன. நீண்ட கூடம் ஒன்றில் பல கடைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு மேசை, ஒரு பெட்டி, உட்காரப் பாய், அவ்வளவே. சுவர் இல்லை, திரை இல்லை. எவன் கடைக்கு யார் வந்தார், எவன் முகம் வாடியிருக்கின்றது, எவன் வீண்செலவு செய்கின்றான் என்பதெல்லாம் அடுத்த பாயில் இருப்பவனுக்குத் தெரியும். அக்கிட்டங்கிகள் பின்னாளில் நகரச் சீரமைப்பில் இடிக்கப்பட்டுவிட்டன. 1859ஆம் ஆண்டில் எழுந்த தண்டாயுதபாணி கோயில் டேங்க் சாலையில் இன்றும் நிற்கின்றது. இரங்கூனில் மொகல் தெருவில் மாதந்தோறும் கோயிலில் கூடி, கடைகள் தம்முள் கொடுத்து வாங்கும் பணத்துக்குரிய வட்டியை யாவரும் அறிய வகுத்தனர். அவ்வட்டியை மறைவில் ஒருவனுக்கு ஒருவிதம், மற்றவனுக்கு வேறுவிதம் என்று வைக்க இயலாது. சிறு கடைக்கு நெருக்கடி வந்தபொழுது அடத்தியாக நின்ற பெருங்கடை கை கொடுத்தது; கொடுக்குமுன் அதன் ஐந்தொகையைக் கேட்டு வாங்கிப் பார்த்தது.

இன்னும் ஒன்று. தாய்மார்கள் இதனை நன்கு அறிவார்கள். நம் திருமணங்களில் இசைகுடிமானம் என்று ஓர் ஓலை எழுதுகின்றோமன்றோ? உறவிலே உறவு, பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடு, நாலு தலைமுறைத் தொடர்பு. ஆயினும் ஊரும் கோயிலும் ஆண்டும் நாளும் குறித்து எழுதாமல் மணம் இல்லை. மொய்ப்பணம் எழுதும் ஏடு தனி. கோயில் மாலை வாராமல் தாலி ஏறுவதில்லை. மணம் முடிந்தவுடன் அக்குடும்பம் ஒரு புள்ளியாகக் கணக்கில் சேர்கின்றது, புள்ளிவரி கேட்கப்படுகின்றது. ஆச்சிமார் தம் சீர்ப்பணத்தைக் கணவர் கடையிலேயே போட்டு வைத்தாலும், அஃது ‘ஆச்சிமார் பணம்’ என்று தனித் தலைப்பில் வட்டியோடு எழுதப்பட்டது. கணவன் பணத்தோடு கலக்கவில்லை. மனைவி பணத்தையே தனியே எழுதிய குலத்தில், ‘நம்மவர்க்குள் எழுத்து எதற்கு’ என்ற வினா எங்கிருந்து வந்தது என்று எமக்கு விளங்கவில்லை.

கணக்குக் காட்டாத பெருமையை மட்டும் நம்பினால் யாது விளையும் என்பதற்குச் சென்னையிலேயே ஒரு சான்று உண்டு. ஆர்பத்நட் கம்பெனி என்னும் ஆங்கிலேயர் கடை அந்நாளில் மிகப் பெரிய பெயர். ஓய்வூதியம் பெறுவோர், கைம்பெண்கள், உத்தியோகஸ்தர் பலர் அப்பெயரையே பார்த்துத் தம் சேமிப்பைக் கொண்டுபோய்ப் போட்டனர். அது கூட்டாளிகளின் கடை. தன் ஆஸ்தி கடன்களைப் பொதுமக்கள் அறிய வெளியிடவேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. 1906ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அது கதவைச் சாத்தியது. அடுத்த ஆண்டிலேயே, 1907இல், வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று முயல, நம் நகரத்தாரும் முதல் இட்டுச் சேர, இந்தியன் வங்கி தோன்றியது. மயிலாப்பூர் வழக்கறிஞர்க்கும் செட்டிநாட்டு வணிகர்க்கும் இடையே கொள்வினையும் இல்லை, கொடுப்பினையும் இல்லை. ஆண்டுதோறும் அச்சிட்டு வெளியிடவேண்டிய ஐந்தொகை ஒன்றே அவர்களை ஒரு மேசையில் இருத்தியது என்று சொல்லலாம்.

இதுகாறும் கூறியவை நம் பெருமைகள். இனிக் கூறப்போவது சிலருக்குக் கசக்கலாம்.

1929–30ஆம் ஆண்டுகளில் பர்மாவில் வங்கித்தொழிலை ஆராய அமர்ந்த குழு, அங்கே நம்மவர் கடைகள் ஏறத்தாழ 1,650 என்றும், அவற்றில் இயங்கிய பணம் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது. கீழ்ப்பர்மாவின் சதுப்பு நிலம் நெல்வயலானதற்கு அப்பணம் பெருங்காரணம். நம்மவர் வாங்கிய வட்டி, அந்நாட்டு இலேவாதேவிக்காரர் வாங்கியதினும் பெரும்பாலும் குறைவே. இதனை நாம் அடிக்கடி எடுத்துச் சொல்லுகின்றோம், சொல்லுவது உண்மையே. ஆயினும் நம் கடைக்கும் கடைக்கும் இடையே இருந்த அந்தத் தெளிவு, நம் கடைக்கும் பர்மிய உழவனுக்கும் இடையே இருந்ததா? நம் பேரேடு தமிழில் இருந்தது. தன் பற்று எவ்வளவு, வட்டி எவ்வளவு, கட்டியதில் எது முதலில் கழிந்தது என்பதை அவ்வுழவன் தன் கண்ணால் படித்து அறிய வழி இல்லை. அவன் நம் கோயிற் கூட்டத்தில் இல்லை. வட்டி வகுக்கும் பேச்சில் இல்லை. அவனுக்கும் நமக்கும் இடையே இருந்தது நிலத்தின் அடைமானப் பத்திரம் ஒன்றே. பத்திரம் இருந்தது, தெளிதல் நிகழவில்லை.

1930இல் உலகமெங்கும் விலை சரிந்தது. நெல் விலை விழுந்தது. உழவனால் வட்டியும் கட்ட இயலவில்லை. நிலத்தை விரும்பாத நம்மவர் கையில் நிலம் வந்து குவிந்தது. முதன்மையான நெல் மாவட்டங்கள் பதின்மூன்றில், 1930இல் நூற்றுக்கு ஆறு பங்காக இருந்த நம்மவர் நிலம், 1937 அளவில் நூற்றுக்கு இருபத்தைந்து பங்காயிற்று. நிலம் வந்ததை இலாபம் என்று அன்று எவரும் கொண்டாடவில்லை. பணம் முடங்கியதே என்று வருந்தினர். ஆனால் அவ்வுழவன் கண்ணில் அது எவ்வாறு பட்டிருக்கும்? பாட்டன் காடழித்த வயல், படிக்க இயலாத ஓர் ஏட்டின் வழியாகப் போயிற்று என்றே பட்டிருக்கும். 1942இல் ஜப்பானியர் படையெடுப்பில் நம்மவர் பலர் கால்நடையாகக் காடும் மலையும் கடந்து வந்தனர். வழியில் மாண்டோரும் உண்டு. 1948இல் பர்மா விடுதலை பெற்றது. அவ்வாண்டிலேயே நிலத்தை நாட்டுடைமை ஆக்கும் சட்டமும் வந்தது. நாம் இழந்தது பெரிது. அவ்விழப்பை அநீதி என்று கூறுவோரோடு யாம் வழக்காட வரவில்லை. ஆனால் அந்நாளில் அந்நாட்டில் நமக்காகப் பேச ஒரு குரலும் எழவில்லையே, அஃது ஏன் என்று வினவிக்கொள்ளும் கடமை நமக்கு உண்டு. அதே மனிதர், அதே நாணயம், அதே ஏடு. நம்முள் நம்பிக்கை வளர்ந்தது, அங்கே வளரவில்லை. ஏட்டை இருபுறத்தாரும் படிக்க முடிந்த இடத்தில் வளர்ந்தது, ஒருபுறத்தார் மட்டும் படித்த இடத்தில் வளரவில்லை என்பதன்றி வேறு விடை எமக்குத் தோன்றவில்லை.

இனி, எம் வீட்டுச் செய்தி ஒன்று. 1990களில் எம் தந்தையார் ஓய்வு பெற்றார். வந்த தொகையில் பெரும்பகுதியை, நமக்கு உறவினரான ஒருவர் நடத்திய நிதி நிறுவனத்தில் போட்டார். அந்நிறுவனத்தின் பெயரும் அவர் பெயரும் இங்கே வேண்டா. இரண்டு ஆண்டுகள் மாதம் தவறாமல் வட்டி வந்தது. பள்ளிச் சிறுவனாகிய எம்மை உடன் அழைத்துக்கொண்டு எம் தந்தையார் ஒருமுறை அங்கே சென்று, “பணமெல்லாம் எங்கே எப்படிப் போட்டிருக்கிறீர்கள், ஐந்தொகை ஏதும் இருக்கிறதா?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே, “அண்ணே, என்மேலே நம்பிக்கை இல்லையா?” என்றார். எம் தந்தையார் முகம் சிவந்துவிட்டது. கேட்டது தம் குற்றம் என்பதுபோல, காப்பி குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். பேருந்தில் வரும்பொழுது, “கேட்டிருக்கக் கூடாதப்பா” என்று இருமுறை கூறினார். எட்டுத் திங்களில் அந்நிறுவனம் மூடப்பட்டது. இரசீதுகள் எல்லாம் எம் வீட்டுத் தகரப்பெட்டியில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன.

அந்த உறவினர் தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் கொண்டவர் என்று யாம் நினைக்கவில்லை. ஆண்டுக்கு ஒருமுறையேனும் நாலு பேர் முன்னிலையில் ஐந்தொகையைப் படிக்கவேண்டிய நிலை அவருக்கு இருந்திருக்குமாயின், முதல் ஆண்டின் சிறு குறை அப்பொழுதே தெரிந்திருக்கும், தெரிந்திருந்தால் சரிசெய்திருக்கலாம். கணக்குக் கேளாமை அவரையும் கெடுத்தது. செயற்குழுவில் அப்பெரியவர் ‘நம்பிக்கை இல்லையா’ என்று கேட்டபொழுது யாம் கைதட்டாமைக்குக் காரணம் இதுவே. அதே சொல்லை யாம் முன்பு வேறோர் இடத்தில் கேட்டிருக்கின்றோம்.

ஆதலின் நிதி நிறுவுவதாயின், விதிகளில் ஒன்றையும் தளர்த்தவேண்டா என்பது எமது வேண்டுகோள். முதற் கடனைச் சிறு தொகையாகவே கொடுங்கள். அதனை ஒழுங்காகக் கட்டியவனுக்கு அடுத்த முறை பெருந்தொகை கொடுக்கலாம். பெட்டியடிப் பையனை மேலாளாக்கிய முறை அதுதான். கடன் வாங்குகின்ற பிள்ளையும் தன் பற்றுவரவைத் தான் படிக்கும்படியாக அவன் கையில் ஒரு பிரதி கொடுங்கள். ஐந்தொகையைச் செயற்குழுவின் அறைக்குள் வைத்துப் படிக்காமல், இதுபோன்ற பொதுக்கூட்டத்தில், தாய்மார்களும் இருக்கையில் உரக்கப் படியுங்கள். இச்சங்கத்து ஏடு எழுதும் பொறுப்பை ஒருவரே மூன்று ஆண்டுக்கு மேல் வைத்திருக்க வேண்டா. அடுத்தவர் வந்து வாங்கிப் பார்க்கட்டும்.

முடிக்குமுன் ஒன்றை மறையாது சொல்லிவிட வேண்டும். எம் இளவல் மதுரையில் அச்சுத்தொழில் தொடங்க எண்ணி இந்நிதிக்கு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கின்றான். பேச்சாளனின் தம்பி என்று அவனுக்குச் சீட்டில்லாமல் கொடுக்கவேண்டா. எம்மைப் பிணையாக எழுதிக்கொள்ளுங்கள். எம் ஊதியத்தில் எவ்வளவு பிடிக்கலாம் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முதல் ஐந்தொகை படிக்கும் நாளில் அவன் இந்த மண்டபத்தில், முன்வரிசையில் அமர்ந்திருப்பான். அன்று அவன் வரவில்லையானால் யாம் எழுந்து விடை சொல்லுவோம்.